பாட்டு ஞாயிறும் ஒரு பலகையும்

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிற்றுக்குத் திருவழிபாட்டு நாள்காட்டியில் தனிப் பெயர் கிடையாது. பொதுக்காலத்தின் ஏதோ ஓர் எண்ணுள்ள ஞாயிறு, அவ்வளவுதான். ஈப்போவில் எங்கள் கோயிலுக்கு வரும் தமிழர்கள் மட்டும் அதைப் பாட்டு ஞாயிறு என்பார்கள்.

புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டதும் தவக்காலம் தொடங்கிவிடும். அதன் பிறகு ஞாயிற்றுப் பூசைகளில், தொடக்கத்தில் பாடும் புகழ்ப்பாட்டான வானவர் கீதம் இல்லை. அல்லேலூயா என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். இரண்டும் மேளத்தோடு திரும்பி வருவது ஈஸ்டருக்குத்தான். இசைக்கருவிகள் பாடுகிற குரலைத் தாங்குவதற்கு மட்டும் என்பது தவக்கால விதி. எங்கள் பங்கில் அதற்கு அர்த்தம், கீபோர்டைத் தவிர எல்லாமே அலமாரிக்குள் போக வேண்டும் என்பது. எனவே அதற்கு முந்தைய ஞாயிறன்று இருக்கிற கருவிகளையெல்லாம் எடுத்து வாசித்து, தெரிந்த பாட்டையெல்லாம் பாடித் தீர்த்துவிடுவோம்.

ரப்பர் தோட்டங்களில் சிற்றாலயங்கள் இருந்த காலத்தில் சாமியார் மாதம் ஒரு தடவைதான் அங்கே போவாராம். அதனால் அந்த ஞாயிறு மட்டும் லாரி பிடித்துக்கொண்டு எல்லாரும் ஈப்போவுக்கு வந்துவிடுவார்களாம். இப்போது அந்தத் தோட்டங்களில் பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பு. மக்கள் காரில் வருகிறார்கள். நிறுத்த இடம் இல்லை என்று வாசலில் சண்டை நடக்கிறது. மற்றபடி வழக்கம் மாறவில்லை.

அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. பாடகர் குழுவில் நான் பின்வரிசையில் நிற்பவன். என் குரல் வெளியே கேட்கக் கூடாது என்பது குழுத் தலைவியின் விருப்பம். அது வாராவாரம் நிறைவேறுகிறது. அதற்கு ஈடாக எழுதுகிற வேலைகள் எல்லாம் என்னுடையவை. நான் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். அளக்காமல் எதையும் நம்பாத பழக்கம் அங்கே வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பக்கம். என்னென்ன பாட்டு, எந்தச் சுருதி, யார் வந்தார்கள், எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் எத்தனை விநாடி என்று எழுதுவேன். பக்கத்தின் அடியில் மற்ற விஷயங்கள்: மைக் பழுது, மழை ஒழுகியது, மின்விசிறி மாற்றியது. நேரம் குறிப்பது முன்பிருந்த சாமியார் சொல்லித் தொடங்கியது. பூசை நீள்கிறது என்று அவர் குறைபட்டார். குறித்துப் பார்த்ததில் நீண்டது பிரசங்கம் என்று தெரிந்தது. அவர் அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் குறிப்பதையும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் சீனப் புத்தாண்டு செவ்வாய்க்கிழமை. மறுநாளே திருநீற்றுப் புதன். அதனால் கோயில் வாசலில் ஒரு பக்கம் சிவப்பு விளக்குக் கூடுகளும் சின்ன ஆரஞ்சு காய்த்த இரண்டு பெரிய தொட்டிகளும் இருந்தன. மறுபக்கம் போன வருடத்துக் காய்ந்த குருத்தோலைகளைப் போடும் அட்டைப்பெட்டி. அந்த ஓலைகளை எரித்துத்தான் புதன்கிழமைக்கான சாம்பல் எடுப்பார்கள்.

பாட்டு ஞாயிற்றுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, பூசை முடிந்து நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது குழுத் தலைவி வந்தார். தமிழ்ப் பள்ளி ஆசிரியை. நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

“அண்ணே, உங்க புக்க கொஞ்சம் பாக்கலாமா?”

“எதுக்கு டீச்சர்?”

“வானவர் கீதம் எவ்ளோ நேரம் பாடுறோம்னு இருக்கும்ல. போன வருஷத்துக்கும் இப்பவும் ஒத்துப் பாக்கணும்.”

அங்கேயே முதல் வரிசை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். போன வருடம் ஜூலை வரை நான்கு நிமிடம் ஐந்து விநாடி, நான்கு எட்டு, நான்கு ஆறு. ஜூலைக்குப் பிறகு மூன்று ஐம்பது. அதன் பின் மூன்று நாற்பது. அன்றைக்கு மூன்று முப்பத்தொன்று. அதே பாட்டு, அதே மூன்று சரணங்கள், ஒரு வரியும் குறைக்கவில்லை.

“பாத்தீங்களா?” என்றார் டீச்சர். “அண்ணன் ஓட்டுறாரு. மூணாவது சரணத்துல முன் வரிசை ஆன்ட்டிங்க மூச்சு வாங்குறாங்க. ஒரு ஆன்ட்டி இன்னைக்கு ரெண்டு வரிய அப்படியே முழுங்கிட்டாங்க லா. நான் கைய கைய ஆட்டுறேன், என் பக்கமே திரும்புறதில்ல.”

அண்ணன் என்று அவர் சொன்னது டோலக் மேளம் வாசிக்கும் எங்கள் டோலக்காரரை. வயது அறுபத்தொன்று. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறகு ஈப்போவில் கல்லுடைக்கும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம். இப்போது வீட்டு முற்றங்களுக்கும் பள்ளித் திடல்களுக்கும் மெஷினில் புல் வெட்டிக் கொடுக்கிறார். தோட்டத்துச் சிற்றாலயத்தில் வாசிக்கத் தொடங்கியவர், பிறகு இங்கே. என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதுபவருக்குக் கிராணி என்று பெயர். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். நான் நோட்டைத் திறந்ததும், “என்னா கிராணி, பெரட்டு எடுத்தாச்சா? என் பேர வெட்டிடாத, அரை நாள் சம்பளமாச்சும் போடு” என்பார். வாரம் தவறாமல் அதே வார்த்தைகள். நானும் வாரம் தவறாமல் சிரித்திருக்கிறேன்.

“என்ன செய்யலாங்கிறீங்க?” என்று டீச்சரைக் கேட்டேன்.

“பாட்டு ஞாயிறு வாசிக்கட்டும். அதோட போதும்ணே. ஈஸ்டருக்கு கீபோர்டுலயே ரிதம் போட்டுக்குவோம். நடுவுல தவக்காலம் வருதுல்ல, யாருக்கும் தெரியாமலே முடிஞ்சிடும்.”

“அவர்கிட்ட யாரு சொல்றது?”

“நீங்கதான். நான் சொன்னா டீச்சருக்கு வயசானவங்கள பிடிக்கலன்னு வரும். நீங்க சொன்னா அது வெறும் கணக்கு.”

மறுக்க என்னிடம் காரணம் இருக்கவில்லை. எண்கள் என்னுடையவை, சரியானவை. மூன்று நாள் தள்ளிப்போட்டு, புதன்கிழமை வேலை முடிந்து சிலிபினில் அவர் வீட்டுக்குப் போனேன். மணி ஐந்தே முக்கால்.

வீட்டின் முன்னால் புல் வெட்டும் மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக் கத்தியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் தள்ளியதும், இரண்டு முறை கூப்பிட்டதும் அவருக்குத் தெரியவில்லை. என் நிழல் அவர் கைமேல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“அடடே, கிராணியா! ஆபீஸ் வீட்டுக்கே வந்திருச்சா? உக்காரு தம்பி. மைலோ குடிக்கிறியா?”

வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வழியில் யோசித்து வைத்திருந்த வரிசைப்படி சொன்னேன். முதலில் பாட்டு நேரம், பிறகு ஆன்ட்டிகளின் மூச்சு, பிறகு டீச்சரின் முடிவு. அவர் என் வாயைப் பார்த்தபடி கேட்டார். அவர் எல்லாரிடமும் பேசும்போது அப்படித்தான் பார்ப்பார் என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும்.

சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் கத்தியைத் துணியால் துடைத்தார்.

“புக்க காட்டு.”

காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எண்ணெய் படாமல் சுண்டுவிரலால் பக்கங்களைத் தள்ளினார்.

“எப்ப இருந்து கொறையுது?”

“ஜூலை கடைசி ஞாயிறுலருந்து.”

“ஜூலையா?” சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “அதானே பாத்தேன். பலகைய எடுத்துட்டானுங்கள்ல.”

எனக்குப் புரியவில்லை. அவர் அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, அடிப்பகுதியில் விரலை வைத்தார். என் கையெழுத்துத்தான். “பாடகர் மேடையின் மரப் பலகைகள் கரையான் அரித்ததால் அகற்றம். தரை உயர்த்தி டைல்ஸ்.” அதற்கு எட்டு வரி மேலே: “வானவர் கீதம் 3:50.” இரண்டையும் ஒரே நாளில், ஒரே பேனாவால் எழுதியிருந்தேன்.

“எனக்குக் காது போயி பத்து வருஷம் ஆச்சு தம்பி. கல்லு ஆலையில விட்டுட்டு வந்தேன். மேளம் கேக்கும், அது என் மடியில இருக்கு. கீபோர்டு கேக்காது, பாட்டு கேக்காது. டீச்சர் கத்துறது மட்டும் லேசா கேக்கும்.”

“பிறகு எப்படி இத்தன நாள்...”

“கால்லதான்.”

வாசிக்கும்போது அவர் வலது காலின் செருப்பைக் கழற்றிவிடுவார். குழுவில் எல்லாரும் அதைப் பக்தி என்று நினைத்தோம். ஒரு காலுக்கு மட்டும் ஏன் பக்தி என்று நான் கேட்டதில்லை. கீபோர்டின் ஸ்பீக்கர் அந்த மர மேடையிலேயே இருந்தது. தாழ்ந்த சுரங்கள் பலகை வழியாக அவர் உள்ளங்காலுக்கு வந்தன. அதை வைத்துத்தான் பத்து வருடம் எங்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். டைல்ஸ் போட்ட பிறகு காலுக்கு எதுவும் வரவில்லை. செருப்பைக் கழற்றுவது மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது.

“ஏன்ணே சொல்லல?”

“சொன்னா? காது கேக்காதவன் மேளம் வாசிக்கிறான்னு வைப்பாங்களா? நீயே சொல்லு.” மெஷினை நிமிர்த்தி வைத்தார். “மேளம் இல்லன்னா நான் கோயிலுக்கு வந்து என்னா பண்றது? சாமியாரு வாய் அசையிறத பாத்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கணும். அதுக்கு வீட்டுலயே இருக்கலாம் லா.”

டோலக்காரர் பூசையில் வேத வாசகம் படித்ததில்லை. அக்கம்பக்கத்தார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களுக்கு வந்ததில்லை. கேட்டால் வேலை என்பார். அவையும் என் நோட்டில் இருந்தன: வரவில்லை, வரவில்லை.

“எல்லாத்தையும் எழுதியிருக்க கிராணி. எழுதினத படிக்கலயே நீ.”

அது நியாயம். எழுந்தபோது, “டீச்சர்கிட்ட காது விஷயம் சொல்லாத. ஞாயிறு முடியட்டும்” என்றார். டீச்சர் கேட்காதவரை சொல்ல மாட்டேன், கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். “அது போதும். உன்கிட்ட அதுக்கு மேல எதிர்பாக்க முடியாது” என்றார்.

மறுநாள் மாலை கோயிலுக்குப் போனேன். பழைய மேடையில் ஆறு பலகைகள் இருந்தன. ஐந்து கரையானுக்குப் போனவை. அவற்றை லாரியில் ஏற்றி அனுப்பியதைக் குறித்திருந்தேன். ஆறாவதைப் பற்றிக் குறிப்பு இல்லை. கோயிலைச் சுற்றி ஒரு நடை, கழிப்பறைக்குப் பின்னால் ஒரு நடை, மண்டபத்தின் மேடைக்கு அடியில் டார்ச் அடித்து ஒரு தேடல். எங்கும் இல்லை. திரும்பிப் போகலாம் என்று வாசலுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். ஆரஞ்சுத் தொட்டிகள் இரண்டும் அதன்மேல் நின்றன. சிவப்புத் தாள் சுற்றியிருந்ததால் பலகை என்றே தெரியவில்லை. ஓரத்தைக் கிழித்து அளந்தேன். நீளம் ஐந்தடி இரண்டு அங்குலம், அகலம் பதினொன்று, கனம் ஒன்றரை. கனத்த காட்டுமரம். தட்டினால் மணிபோல் ஒலித்தது.

தொட்டிகளுக்குப் பொறுப்பு மாண்டரின் பூசைக் குழுவைச் சேர்ந்த ஒரு சீன ஆன்ட்டி. எழுபது வயது இருக்கும். அப்போது விளக்குக் கூடுகளின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். மலாயில் கேட்டேன். பலகையைக் கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போல.

பலகையைத் தந்தால் தொட்டி எங்கே நிற்கும் என்று கேட்டார். தரையில் நிற்கலாமே என்றேன். புத்தாண்டுத் தொட்டி தரையில் நின்றால் வருடம் முழுவதும் எல்லாம் தரையிலேயே கிடக்கும் என்றார். செங்கல் வைக்கிறேன் என்றேன். எத்தனை என்று கேட்டார். தொட்டிக்கு நான்கு, மொத்தம் எட்டு என்றேன். யோசித்தார். ஞாயிறு மாண்டரின் பூசை முடிந்த பிறகு எடுக்கலாம், தமிழ்ப் பூசை முடிந்ததும் திரும்ப வந்துவிட வேண்டும், புத்தாண்டின் பதினைந்தாம் நாள்வரை வேறு யாரும் தொடக் கூடாது என்றார்.

“போலே?” என்று கேட்டேன். ஆகுமா என்று.

“போலே,” என்றார். பிறகு விரலை ஆட்டி, “தாப்பி பாலேக்!” ஆனால் திரும்பி வரணும்.

ஞாயிறு காலை மாண்டரின் பூசை ஒன்பது நாற்பத்தெட்டுக்கு முடிந்தது. எங்கள் பூசை பத்தரைக்கு. கீபோர்டு வாசிப்பவர் கைபேசிக் கடை வைத்திருக்கும் முப்பது வயதுக்காரர். சத்தம் நன்றாக வரும் என்று மட்டும் சொல்லி அவரை அழைத்துக்கொண்டேன். இருவரும் தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். ஓர் ஆரஞ்சு உதிர்ந்தது. சீன ஆன்ட்டி அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். பலகையைப் பாடகர் மேடைக்குக் கொண்டுபோய், டைல்ஸ் மேல் இரண்டு சட்டங்களை வைத்து அவற்றின்மேல் அதைக் கிடத்தினோம். ஒரு முனையில் ஸ்பீக்கர். மறுமுனைக்கு நேராக டோலக்காரரின் முக்காலி.

அவர் பத்தே காலுக்கு வந்தார். பூப்போட்ட பத்தேக் சட்டை. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்து டோலக்கை மடியில் வைத்து, வலது செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பலகையில் வைத்தார். கீபோர்டுக்காரர் சோதனைக்காக ஒரு தாழ்ந்த சுரத்தை அழுத்தினார். டோலக்கின் இடது பக்கம் அதே கணத்தில் ஒரு தட்டு விழுந்தது. அவர் தலை குனிந்தபடியே இருந்தார்.

டீச்சர் பாட்டுத் தாள்களை விநியோகித்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுக்குத் திரும்பிப் பார்த்தார்.

“இது என்னாண்ணே புதுசா பலகை?” என்று என்னைக் கேட்டார்.

“பழசுதான் டீச்சர். சத்தத்துக்கு வெச்சது.”

அது உண்மை. முழு உண்மை இல்லை என்பதும் தெரிந்துதான் சொன்னேன்.

அன்று மேடையில் முப்பத்தொரு பேர். வழக்கமாகப் பதினான்கு. பாட்டு ஞாயிறன்று முன்பு எப்போதாவது குழுவில் பாடிய யாரும் வந்து நிற்கலாம். தைப்பிங்கிலிருந்து ஒருவர் ஆண்டுதோறும் மாண்டலினோடு வருவார். லூமுட்டிலிருந்து ஒரு குடும்பமே வந்திருந்தது. வயலின் ஒன்று, தபேலா ஒரு ஜோடி, கஞ்சிரா இரண்டு, கைத்தாளம் எண்ணவில்லை. இவ்வளவு பேரும் ஒன்றாகத் தொடங்குவதே கஷ்டம். தொடக்கப் பாட்டில் முதல் அடி சேரவில்லை. இரண்டாவது அடியில் டோலக் எல்லாரையும் இழுத்துச் சேர்த்தது.

வானவர் கீதம் தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நான்கு நிமிடமும் நான் பாடவில்லை, அவருடைய பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை. விரல்கள் மட்டும் மரத்தைப் பற்றியதுபோல் வளைந்திருந்தன. மூன்றாவது சரணத்தில் முன் வரிசை ஆன்ட்டி எந்த வரியையும் முழுங்கவில்லை. முடிந்ததும் பார்த்தேன். நான்கு நிமிடம் ஐந்து விநாடி. டீச்சர் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். நோட்டை அவர் பக்கம் சாய்த்துக் காட்டினேன்.

நற்செய்திக்கு முன் அல்லேலூயா. ஈஸ்டர்வரை அதுதான் கடைசி என்பதால் நீண்ட மெட்டு. அதுவும் சரியாக இருந்தது. சாமியார் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று தொடங்கிப் பத்தொன்பது நிமிடம் பேசினார். சீனப் புத்தாண்டு விருந்தையும் மறுநாள் நோன்பையும் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதே பாதிப் பிரசங்கம். மக்கள் சிரித்தார்கள். டோலக்காரர் மற்றவர்கள் சிரித்து அரை விநாடி கழித்துச் சிரித்தார். இத்தனை வருடம் அந்த அரை விநாடியை நான் கவனிக்கவில்லை.

கடைசிப் பாட்டில்தான் எல்லாம் போயிற்று. பாட்டு ஞாயிற்றின் கடைசிப் பாட்டுக்குக் கோயிலே எழுந்து கைதட்டும். முதல் சரணம்வரை நன்றாகப் போனது. இரண்டாவதில் தட்டு வேகம் பிடித்தது. பார்த்தால் அவர் கால் பலகையில் இல்லை. முக்காலியின் குறுக்குக் கட்டையில் குதிகாலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். டோலக் ஓடியது. மாண்டலின் பின்னால் ஓடியது. வயலின் கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. கடைசிச் சரணத்தில் வார்த்தைகள் யாருக்கும் கேட்டிருக்காது. முடிந்தபோது அவர் நிமிர்ந்து, கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. நான் எழுதினேன்: மூன்று பதினெட்டு. போன பாட்டு ஞாயிறன்று நான்கு இருபது.

சொன்னபடி முதலில் பலகையைத் திருப்பிக் கொடுத்தேன். தொட்டிகள் மறுபடி அதன்மேல் ஏறின. கிழித்த தாளைச் சீன ஆன்ட்டி ஒட்டிவிட்டார். பிறகு மண்டபத்துக்குப் போனேன். தவக்காலத்துக்கு முன் கடைசி இறைச்சி என்பதால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கறி. பன்றிக்கறி மட்டும் ஆறு சட்டியில் ஆறு விதம். டோலக்காரர் ஓரத்து மேசையில் தட்டைக் காலி செய்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்காரப் போனேன். அதற்குள் டீச்சர் கறிச் சட்டியோடு அவருக்குப் பின்னால் வந்து நின்றார்.

“அண்ணே, கறி இன்னும் கொஞ்சம் போடவா?”

சாதாரணக் குரல். இரண்டடி தூரம். அவர் கறி வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அவர் திரும்பவில்லை. டீச்சர் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கக் கேட்டார். அவர் தட்டின் ஓரத்தில் விரலால் ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சட்டியோடு மேசையைச் சுற்றி அவர் முன்னால் வந்து, கரண்டியை உயர்த்திக் காட்டினார்.

“ஏன் கேட்டுட்டிருக்க, போடு போடு,” என்று தட்டை நீட்டினார் டோலக்காரர். “நாப்பது நாளைக்குச் சேத்து.”

கறியைப் போட்டுவிட்டு டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உங்களுக்கு எத்தன நாளா தெரியும்?”

“நாலு நாளா.”

“அந்தப் பலகை?”

“அவருக்குக் காது அதுதான் டீச்சர். கால் வழியா. ஜூலைல நாம எடுத்துட்டோம்.” ஜூலைப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எட்டு வரி இடைவெளியையும் காட்டினேன். “ரெண்டும் என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு. போன வாரம் உங்களுக்குக் காட்டுனப்பவும் நான் அடியில பாக்கல.”

டீச்சர் வாசித்துவிட்டு நோட்டை மூடினார். டோலக்காரர் சாப்பிடுவதைப் பார்த்தார். நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவரும் தெரிந்துகொண்டு, எங்கள் வாயைப் பார்க்காமல் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். கறி அதிகம் குறையவில்லை.

“கடைசிப் பாட்டு எவ்ளோ?”

“மூணு பதினெட்டு.”

“ஆத்தாடி.” தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அது அவர் மட்டும் இல்லண்ணே. நானும்தான். மேல கைதூக்கித் தட்டிக்கிட்டிருந்தேன். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

அதை நான் கவனித்திருந்தேன். எழுதியிருக்கவில்லை.

டீச்சர் குனிந்து, டோலக்காரரின் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். வகுப்பில் அப்படித்தான் பேசுவார் போல. “அண்ணே. ஈஸ்டருக்கு. கால. பலகைல இருந்து. எடுக்கக் கூடாது. கடைசிப் பாட்டு வரைக்கும்.”

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். “கட்டிப் போட்டுடு டீச்சர்,” என்றார். “எனக்குச் சம்மதம்.”

“கத்தி சொல்லியிருக்கலாம்ல, காது கேக்கலன்னு? பத்து வருஷமாவா லா?”

“கத்தித்தான் சொன்னேன். உங்களுக்குத்தான் கேக்கல.”

டீச்சர் சிரித்துவிட்டார். அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்றே முக்காலுக்கு அலமாரியை அடுக்கத் தொடங்கினேன். தபேலா ஒரு ஜோடி, கஞ்சிரா இரண்டு, கைத்தாளம் எண்ணியதில் ஒன்பது. டோலக்கை அவரே துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். கதவைப் பூட்டும்வரை நின்றார். மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் பலமாக இருந்தது.

“கிராணி. ஈஸ்டர் பெரட்டுல என் பேரு இருக்கா?”

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று பட்டது. ஈஸ்டர் பட்டியல் உள்ள பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன். டோலக் என்ற இடத்துக்கு எதிரே அவர் பெயர் இருந்தது. சுண்டுவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கருவிப் பட்டியலின் கடைசியில் நான் ஒரு வரி சேர்த்தேன். “பலகை, ஒன்று. வாசலில் ஆரஞ்சுத் தொட்டிகளுக்குக் கீழே. பதினைந்தாம் நாள் கேட்டு வாங்க வேண்டும்.”